சுண்ணாம்புச் சந்தில் விசில் ஊதியது

சுண்ணாம்புச் சந்தில் பாதுகாப்புக் குழு அமைத்தபோது என்னை அதில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் இந்தக் கதையை நான் வெளியே சொல்லியிருக்க மாட்டேன்.

திருநெல்வேலி டவுனில் அப்போது களவு அதிகம். போலீஸ் எஸ்.ஐ. அம்மா சந்துக்கு வந்து, வீட்டுக்கு ஒரு விசில் கொடுத்தார்.

"திருடனைப் பார்த்தா விசில் ஊதுங்க. எல்லாரும் ஓடிவந்து சுத்தி வளைச்சுப் பிடிங்க. சேர்ந்து நின்னா எவனும் கிட்ட வரமாட்டான். ஆனா முதல்ல ஒத்திகை பாருங்க. நிஜம்போல இருக்கணும்" என்றார்.

அரிசிக்கடை ஆவுடையப்பன்தான் குழுத் தலைவர். அன்றைக்கே கூட்டம் போட்டார்.

"பிடிக்கணும்னா திருடன் வேணும்லா? நம்ம சந்துல யாருவே இருக்கா?"

"ஒருத்தர்கூட இல்ல அண்ணாச்சி" என்றான் பெயிண்டர் சுடலைக்கண்ணு, வெட்கத்தோடு. "அடுத்த சந்துல ரெண்டு பேரு உண்டு."

"அவங்ககிட்டப் போய் இரவல் கேட்கவா? மானம் போயிரும்வே."

நெடுநேரம் வாதாடி, பரோட்டாக் கடையில் மாவு பிசையும் பேச்சிமுத்துவைத் திருடனாகத் தேர்ந்தெடுத்தார்கள். மாலையும் போட்டார்கள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க குடும்பத்துல யாருக்கும் இப்படி ஒரு பொறுப்பு வந்ததில்ல" என்றான்.

தையல்காரி இசக்கியம்மாள் மட்டும் எழுந்து கேட்டாள். "அண்ணாச்சி, நான் வீட்டைப் பூட்டிட்டு வரட்டுமா?"

"பூட்டினா அவன் எப்படித் தாயி திருடுவான்?"

"பள்ளிக்கூடம் திறக்கப் போவுது. வீடு நிறைய யூனிபாரம் கிடக்கு. மிஷின் போச்சுன்னா நான் என்னத்தத் தின்ன?"

"அவன் எங்க வீட்டு அண்டாவைத்தான் எடுக்கப் போறான். பேசி முடிச்சாச்சு. உங்க வீட்டு வாசல்ல சுடலைக்கண்ணுவைக் காவலுக்கு நிறுத்துதேன், போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சிமுத்து அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினான். சந்தே விசில் ஊதிக்கொண்டு பின்னால் ஓடியது. வளைத்துப் பிடிக்க ஆள் போதாது என்று இசக்கியம்மாளையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அண்டா கண்ணை மறைத்ததால் அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவனுக்கே தெரியவில்லை. கடைசியில் தபால் பெட்டியில் மோதி நின்றான். பிடித்துவிட்டார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

இசக்கியம்மாள் வீடு திரும்பினாள். தரையில் நூல்கண்டு உருண்டு கிடந்தது. மிஷினைக் காணோம்.

"எவன்லே வந்தான்?" என்று சுடலைக்கண்ணுவின் சட்டையைப் பிடித்தாள்.

"கட்டம்போட்ட சட்டை போட்ட ஒரு அண்ணன், தள்ளுவண்டியோட வந்தாரு. 'ஏவே, நீரு திருடனா?'ன்னு கேட்டேன். இல்லன்னு சொல்லிட்டாரு. பாவம், தனியாத் தூக்கச் சிரமப்பட்டாரு. நானும் ஒரு கை பிடிச்சேன்."

"ஏல, விசில் ஊத வேண்டியதுதான?"

"எதுக்கு அக்கா? திருடன் அந்தப் பக்கம்லா ஓடிக்கிட்டிருந்தாரு!"

நல்லவேளை, தெரு முக்குத் திரும்பியதுமே டீக்கடையில் இருந்த போலீஸ் ஏட்டையா அந்த ஆளைப் பழைய திருடன் என்று அடையாளம் கண்டு பிடித்துவிட்டார். குழு மொத்தமும் ஸ்டேஷனுக்குப் போனது. பேச்சிமுத்து அண்டாவோடு மூலையில் நின்றான்.

எஸ்.ஐ. அம்மா மிஷினைக் காட்டினார். "தலைவரே, இது உங்க சந்துல திருட்டுப் போனதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தம்மா எடுத்துட்டுப் போகட்டும்."

ஆவுடையப்பன் ஆழ்ந்து யோசித்தார்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. எங்க சந்துல திருட்டு நடந்தா விசில் கேட்கும். அந்த வாசல்ல யாரும் ஊதல. ஊதாத திருட்டை எப்படி ஒத்துக்கிட முடியும்?"

இசக்கியம்மாள் அவர் கழுத்தில் தொங்கிய விசிலை, அவரோடு சேர்த்தே இழுத்து, அடிவயிற்றிலிருந்து ஊதினாள். சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் இருந்த பல்லி கீழே விழுந்தது.

குழு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. கட்டம்போட்ட சட்டைக்காரனைத் தள்ளி நிறுத்திவிட்டு, பேச்சிமுத்துவைச் சுற்றி வளைத்துத் தரையோடு அமுக்கியது.

"திருட்டு நடந்திருக்கும்மா!" என்று மூச்சு வாங்கினார் ஆவுடையப்பன். "ஒத்துக்கிடுதேன். ஆளையும் பிடிச்சாச்சு!"

எஸ்.ஐ. அம்மா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

குழுவில் அத்தனை பேர் கையும் பேச்சிமுத்துவைப் பிடித்திருந்ததால் மிஷினைத் தூக்க ஆள் இல்லை. ஏட்டையா காவலுக்கு வர, கட்டம்போட்ட சட்டைக்காரன் ஒரு பக்கமும் இசக்கியம்மாள் மறுபக்கமுமாகத் தூக்கிக்கொண்டு சந்துக்கு வந்தார்கள். அன்றைக்கே அவள் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

குழுவோடு பின்னாலேயே வந்துசேர்ந்த ஆவுடையப்பன் வாசலில் அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேச்சிமுத்துவுக்குக் கால் சுளுக்கிட்டு. அடுத்த ஒத்திகைக்கு இவரைத் திருடனாப் போட்டா என்னவே?"

சுடலைக்கண்ணு அவரைத் தனியே கூப்பிட்டு, அந்த ஆள் மனம் நோகாதபடி மெதுவாகச் சொன்னான்.

"வேண்டாம் அண்ணாச்சி. டீக்கடையத் தாண்டக்கூடத் தெரியல. இவருக்கும் திருட்டுக்கும் சம்பந்தமே இல்ல."