இருமலை ஒளித்த கரிச்சான்

அல்லிக்குளத்துக் கரையில் ஒரு மருத மரம். அதில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. பளபளக்கும் கறுப்பு உடம்பு, பிளந்த வால், தொண்டைக்குள் ஒரு காடே குடியிருந்தது! குரங்கு மாதிரி கத்தும். கீரி மாதிரி சீறும். பருந்தின் குரலில் "கீஈஈ!" என்று ஒன்று விட்டால் போதும், கரையில் உட்கார்ந்திருக்கும் தவளைகள் எல்லாம் தொபுக் தொபுக்கென்று தண்ணீருக்குள் குதிக்கும். கரிச்சான் கிளையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

ஒரு நாள், வழிதவறி வந்த நாய் ஒன்று தண்ணீர் குடிக்க இறங்கிச் சேற்றில் மாட்டிக்கொண்டது. கழுத்து வரை அமிழ்ந்துவிட்டது. கரிச்சான் சட்டென்று யானைக்குட்டியின் குரலில் அலறியது. மரங்களை விலக்கிக்கொண்டு தாய் யானை ஓடி வந்தது.

"எவன்டா என் பிள்ளையை அழ வைத்தது?" என்று பிளிறியபடி சேற்றுக்குள் தும்பிக்கையை விட்டு இழுத்தது. வந்தது நாய்!

"இது என் பிள்ளை இல்லையே!"

"இருக்கட்டும் அக்கா, யாரோ பெற்ற பிள்ளைதானே!" என்றது கரிச்சான்.

யானை முறைத்துவிட்டுப் போனது. நாய் எழுந்து நின்று வாலை ஆட்டியது. ஒட்டிய சேறு காய்ந்து சாம்பல் நிறமாகிவிட்டதால், அதற்குச் சாம்பி என்று பேர் வைத்தது கரிச்சான். பேர் வைத்த மறு நொடியே சாம்பி, "க்ஹர்... ஹக்! ஹக்!" என்று இருமியது.

மரங்கொத்தி வைத்தியர் வந்தார். சாம்பியின் நெஞ்சில் அலகால் டொக் டொக்கென்று தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"சேறு உள்ளே இறங்கியிருக்கலாம். இறங்காமலும் இருக்கலாம். சரியாகிவிடலாம். ஆகாமலும் போகலாம்."

"என்ன வைத்தியரே, ரெண்டு பக்கமும் பேசுகிறீர்களே!"

"மரமாக இருந்தால் புழு எங்கே இருக்கிறதென்று துல்லியமாகச் சொல்லிவிடுவேன். இது நாயப்பா! ஒன்று மட்டும் நிச்சயம். ஈரத்தில் படுத்தால் இது தாங்காது. மழை இறங்குவதற்குள் காய்ந்த இடமாக ஒரு வீடு பார்."

மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

கரிச்சான் நாலு இடம் கேட்டுப் பார்த்தது. "இருமுகிற நாயா? வேறு இடம் பார்!" என்றார்கள். அப்போதுதான் அதன் குறும்பு மூளை வேலை செய்தது.

பாறைச் சரிவில் மயிலம்மா அடைகாத்துக்கொண்டிருந்தாள். முட்டை திருடும் உடும்புக்குப் பயந்து அவள் தூங்கியே பல நாளாகியிருந்தது. பக்கத்திலேயே காய்ந்த பாறை இடுக்கு ஒன்று காலியாக இருந்தது.

"காவலுக்கு ஆள் கொண்டுவந்திருக்கிறேன் மயிலம்மா! கல்லு மாதிரி உடம்பு!"

"ஹக்!" என்றது சாம்பி.

"கெக்கெக்கெக்!" என்று குரங்குக் குரலில் கத்தி அதை அமுக்கியது கரிச்சான்.

"சே, இந்தக் குரங்குகள் தொல்லை தாங்கவில்லை! சரி, இருந்துவிட்டுப் போகட்டும்."

அதன்பிறகு கரிச்சானால் அந்த இடத்தைவிட்டு நகரவே முடியவில்லை. சாம்பி இருமும்போதெல்லாம் குரங்காகக் கத்த வேண்டும். நாலு நாளில் தொண்டை கட்டிப்போனது. சாம்பி என்னவோ நன்றாகத்தான் காவல் காத்தது. உடும்பை இரண்டு முறை விரட்டியது.

ஐந்தாம் நாள் ஒரு தூறல் போட்டது. புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. ஈசலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும் கரிச்சான் உலகத்தில் உண்டா? 'ஒரே ஒரு வாய்' என்று பறந்தது. வயிறு முட்டத் தின்றுவிட்டுத் திரும்பினால், சாம்பி மருத மரத்தடியில் நனைந்துகொண்டு நின்றது.

"அண்ணே, நீ வருகிற வரைக்கும் அடக்கிப் பார்த்தேன். மூச்சை இறுக்கிப் பிடித்தேன். முடியவில்லை. இருமல் சத்தம் கேட்டதும் மயிலம்மா விரட்டிவிட்டாள். நெஞ்சு ரொம்ப வலிக்கிறது."

கரிச்சானுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் விளையாடிய விளையாட்டுக்கு இந்தப் பிள்ளை அல்லவா மூச்சைப் பிடித்திருக்கிறது!

நேராக மயிலம்மாவிடம் போனது. அவள் தோகையில்லாத வாலைச் சிலிர்த்துக்கொண்டு சீறினாள்.

"இருமல் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு மூலையில் படுக்க வைத்திருப்பேன்! இப்போது உன் பேச்சில் எதை நம்புவது? இன்னும் என்னென்ன ஒளித்து வைத்தாயோ! போ, போ!"

தூறல் வலுத்தது. கரிச்சான் இப்போது வாசல் வாசலாகப் போனது. எந்தக் குரலும் மாற்றாமல், சாம்பியின் இருமலை அப்படியே இருமிக் காட்டியது.

"வெயிலில் இப்படி இருமும். ஹக்! ஈரத்தில் இப்படி. க்ஹர்... ஹக் ஹக்! குணமாகுமா, தெரியாது. வீடு கிடைக்குமா?"

கீரி கதவடைக்காத குறை. காட்டுப்பன்றி முதுகைத் திருப்பிக்கொண்டது. கடைசியாக ஒரு பெரிய வளைக்குள்ளிருந்து முள்ளம்பன்றி எட்டிப் பார்த்தாள்.

"அந்த ரெண்டாவது இருமலை இன்னொரு தரம் இருமு."

இருமியது.

"சாப்பிடுகிறதா?"

"சாப்பிடுகிறது."

"வால்?"

"ஆட்டுகிறது அக்கா."

"வளை காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் என் குறையை அதனிடம் சொன்னாயா? என்னை ஒட்டி யாரும் படுக்க முடியாது. என் அம்மாவே ஒரு முழம் தள்ளித்தான் படுப்பாள். அதையும் சொல்லிவிட்டுக் கூட்டி வா. பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று பேச்சு வரக்கூடாது!"

கரிச்சான் மரத்தடிக்குப் பறந்தது. "சாம்பி, வீடு கிடைத்தது! ஆனால் கேட்டுக்கொள். இப்படி 'கிலுகிலுகிலு' என்று முள் சத்தம் கேட்டால் உடனே தள்ளிப் படுக்க வேண்டும்."

"கிலுகிலுதானே? பரவாயில்லை அண்ணே!" என்று வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது சாம்பி.

அன்று மாலையே பெருமழை இறங்கியது. அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் கரிச்சான் வளைவாசலில் உட்கார்ந்து "ஹக்!" என்று இருமும். உள்ளிருந்து "ஹக்!" என்று பதில் வரும். சில நாள் சீக்கிரம் வரும், சில நாள் தாமதமாக வரும். வைத்தியர் இன்னும் "ஆகலாம், ஆகாமலும் போகலாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பதிலே வரவில்லை. கரிச்சான் இரண்டு முறை இருமியது. மூன்று முறை இருமியது. வளைக்குள் தலையை நீட்டியது.

"கிலுகிலுகிலு!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம். "அறிவிருக்கிறதா உனக்கு? இன்றைக்குத்தான் பிள்ளை இருமாமல் தூங்குகிறது. அதுவும் என் வயிற்றுப் பக்கம், முள் இல்லாத இடமாகக் கண்டுபிடித்துப் படுத்திருக்கிறது. எழுப்பினாயோ, பார்த்துக்கொள்!"

கரிச்சான் வாயை இறுக மூடிக்கொண்டது. பிறந்ததிலிருந்து அது சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்த முதல் காலை அதுதான்.

குறையை ஒளித்துப் பிடித்த இடத்தில் நாலு நாள்தான் தங்கலாம்; குறையைச் சொன்ன பிறகும் "வா" என்கிற இடமே வீடு.