பூங்கிளையில் ஓர் இடம்

பறவைகளின் பேச்சு மனிதர்களுக்குப் புரிந்த அந்தக் காலத்தில், ஜப்பானில் ஒரு மலையடிவாரத்தில் கிசுகே என்றொரு செதுக்குக் கலைஞன் இருந்தான். பலகையில் பூக்களைச் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பான். பூவைத் தனியாக, பறவையைத் தனியாகச் செதுக்குவதுதான் அப்போது வழக்கம்.

அவன் வீட்டுக்குப் பின்னால் ஒரு செர்ரி மரம் நின்றது. வசந்தம்தோறும் கழுத்து சிவந்த ஒரு குருவி பனிமலையைத் தாண்டி அதைத் தேடி வரும்.

ஒரு வருடம் குருவி வந்தபோது கிசுகே கோடரியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"கோடரி எதற்கு ஐயா?"

"பலகை தீர்ந்துபோயிற்று. செர்ரிதான் உளி சொன்னபடி கேட்கும்."

"இன்னும் மொட்டே விரியவில்லையே! பூத்து உதிரும் வரை பொறுங்கள். நான் ஆற்றங்கரைக்குப் போய் என் துணையை அழைத்து வருகிறேன்."

"சரி, போய் வா."

மனதாரத்தான் சொன்னான். ஆனால் நான்கு நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. இந்தச் சூட்டில் வேரிலிருந்து மரத்தில் நீர் ஏறிவிட்டால், காயும்போது பலகை வெடித்துவிடுமே என்று பயந்தான். ஐந்தாம் நாள் காலையில் வெட்டிவிட்டான்.

குருவி துணையோடு திரும்பியது. கூடு கட்ட இடமில்லை என்று கண்டதும் துணை பறந்துபோனது. குருவி மட்டும் அடிமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அது திட்டியிருந்தால் கிசுகேவுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பலகை காய ஒரு வருடம் ஆயிற்று. வெட்டிய மரத்தின் கிளை ஒன்றையே, பூத்த கோலத்தில், நினைவிலிருந்து செதுக்கினான். முதல் தாளை உலர்த்தியபோது குருவி வந்து இறங்கியது.

"என் மரம்தான்" என்றது. "கிளையின் வளைவுகூடத் தப்பவில்லை. ஆனால் நான் எங்கே உட்காருவேன் ஐயா?"

கிசுகே அந்தப் பலகையை ஓரமாக வைத்துவிட்டு, அதே மரத்தின் இன்னொரு பலகையை எடுத்தான். பல நாள் உழைத்து, கிளையையும் அதன்மேல் குருவியையும் சேர்த்துச் செதுக்கி, ஒற்றிக் காட்டினான்.

குருவி நெடுநேரம் பார்த்தது.

"இது நானில்லை. இருந்தாலும் வெறுங்கிளைக்கு இது தேவலை" என்று சொல்லிவிட்டு மலைப்பக்கம் பறந்தது. பிறகு அது வரவே இல்லை.

அன்று முதல்தான், அந்த நாட்டில் மரப்பலகையில் பூவைச் செதுக்குகிறவர்கள், பக்கத்தில் ஒரு பறவைக்கும் இடம் கொடுக்கிறார்கள்.