தானாகக் கை தூக்கியவன்

மாலை ஐந்தரை மணிக்கு, மூன்று சந்தேகங்களோடு கபடி மைதானத்துக்கு வந்து சேர்ந்தார் ஞானதுரை.

போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாவட்டக் கபடிக் கழகம் அவரை ஒழுங்கு விசாரணை அலுவலராக வைத்துக்கொண்டது. ஆட்டம் தெரியாமல் ஆட்டக்காரனை விசாரிக்கக் கூடாது என்று, சில மாதங்களாகப் பயிற்சியாளர் பேச்சித்தாயிடம் கபடிச் சட்டம் படித்துவந்தார். பேச்சித்தாய்க்கு வயது முப்பத்தாறு. ஞானதுரையின் மூத்த மகளைவிட இளையவர். இருந்தும் மைதானத்தில் எல்லோரையும்போல ஞானதுரையும் அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்.

பேச்சித்தாய் ரப்பர் குழாயால் களத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க ஐயா. டீ சொல்லவா?"

"வேண்டாம்."

வழக்கு முடியும்வரை யார் வாங்கிக் கொடுத்தாலும் டீ குடிப்பதில்லை என்பது சர்வீஸில் பழகிய பழக்கம்.

வழக்கு இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை மாவட்ட இறுதி ஆட்டம். முடிய அரை நிமிடம் இருக்கும்போது இரண்டு அணியும் சமம். எதிரணியிலிருந்து பாடி வந்தவன், யாரையும் தொட்டதாகச் சொல்லாமல் தன் பக்கம் திரும்பி ஓடினான். நடுவர்கள் விசில் ஊதவில்லை. அப்போது கார்னரில் நின்ற இசக்கிராஜா கையை உயர்த்தினான். என்னைத் தொட்டுவிட்டார்கள் என்று அதற்குப் பொருள். யாரும் சொல்லாமலே வெளியே போய் உட்கார்ந்தான். அந்த ஒரு புள்ளியில் அவன் அணி தோற்றது. அவன் அணித் தலைவனே அவனைக் கன்னத்தில் அறைந்தான். ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று அன்றைக்கே புகாரும் கொடுத்தான்.

புகார் உண்மை என்று ஞானதுரை எழுதினால் இசக்கிராஜாவுக்கு ஐந்து வருடத் தடை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வரவிருந்த வேலையும் போய்விடும். நாளைக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

"வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன் மாஸ்டர். தொட்ட மாதிரி தெரியலை."

"எனக்கும் தெரியலை."

"பாடி வந்தவனைக் கேட்டேன். தொட்டேனா இல்லையான்னு நினைவில்லைங்கான்."

"சரி."

"நடுவருக்குத் தெரியலை. தொட்டவனுக்கே தெரியலை. இவன் மட்டும் கையைத் தூக்குறான். காசு வாங்காதவன் ஏன் மாஸ்டர் கையைத் தூக்குவான்?"

"அவனைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'பட்டுச்சு சார்'ங்கான். அதுக்கு மேல வாயைத் திறக்கலை. கேட்காமலே ஒத்துக்கிட்ட ஆளை நான் ரெண்டு ரகமாத்தான் பார்த்திருக்கேன். ஒருத்தன் அடுத்தவனுக்காக உள்ளே போறவன். இன்னொருத்தன் பெரிசை மறைக்கச் சின்னதை ஒத்துக்கிறவன்."

"மூணாவது ரகம்?"

"ஸ்டேஷனுக்கு வந்ததில்லை."

பேச்சித்தாய் சிரித்தார். ஞானதுரை சிரிக்கவில்லை. இந்த இரண்டும் போக, அவருடைய மூன்றாவது சந்தேகம் மாஸ்டர் மேலேயே இருந்தது.

"அவன் உங்ககிட்ட ஆட்டம் படிச்ச பையன்தானே?"

"ஆமா."

"இத்தனை நாள் சொல்லலையே."

"நீங்க என்னையும் விசாரிச்சிருப்பீங்கன்னு தெரியும் ஐயா."

விசாரித்திருந்தார். பேச்சை மாற்றினார்.

"ஒண்ணு கேக்கேன். இந்த விளையாட்டால ஊருக்கு என்ன பிரயோஜனம்? ஒருத்தன் ஃபோன்ல பந்தயம் கட்டுறான். கட்சிக்காரன் கோப்பை கொடுத்துட்டுத் தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டுறான். அப்பன்காரன் வயசைக் குறைச்சு சர்டிபிகேட் வாங்குறான். ஜெயிச்சவனுக்கு வேலை, தோத்தவனுக்கு அறை. ஒழுக்கம், உடம்பு, ஒற்றுமைன்னு மேடையில பேசுறாங்க. எனக்குக் கண்ணுல படலை. இருந்தா காட்டுங்க."

பேச்சித்தாய் குழாயை மூடினார்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வாங்க."

"நானா?"

"காட்டச் சொன்னீங்கள்ல."

"பெல்ட்டையும் கழட்டணுமா?"

"பெல்ட் இருக்கட்டும் ஐயா. அதையும் கழட்டினா தனிப் புகார் வந்துரும்."

ஞானதுரை கார்னரில் போய் நின்றார். ஈரமண் காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பேச்சித்தாய் நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டே வந்தார். வலது பக்கம் போவதுபோல் சாய்ந்தார். ஞானதுரை பின்வாங்கினார். சட்டென்று இடது பக்கம் வந்து, உடம்பைத் திருப்பி, காலைப் பின்னால் வீசிவிட்டு ஒரே ஓட்டமாகக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

ஞானதுரையின் பேண்ட் ஓரத்தில் ஏதோ உரசியது. நூல் பிரிந்து தொங்கினால் உரசுமே, அந்த அளவுக்கு. குனிந்து பார்த்தார். நூல் எதுவும் தொங்கவில்லை.

அவர் கண்கள் தாமாகவே சுற்றிப் பார்த்தன. வாசல் கேட்டில் ஆள் இல்லை. ரோட்டிலும் இல்லை.

"பட்டுச்சா ஐயா?"

"இல்லை."

"சரி. எனக்குப் பாயிண்ட் இல்லை."

அவ்வளவுதான். பேச்சித்தாய் அவர் முகத்தைக்கூட உற்றுப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

ஞானதுரை அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். முதல் பதிலை யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அவர் எடுத்துக்கொண்டதே இல்லை. குழாய் முழுக்கச் சுருண்டு முடிந்தது. கேள்வி வரவில்லை.

கடைசியில் அவரே கேட்டார்.

"மாஸ்டர், நீங்க என்னைத் தொட்டீங்களா?"

"தெரியலை ஐயா. அதனாலதானே உங்களைக் கேட்டேன்."

ஞானதுரை கார்னரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

2022 ஜூன் 10, வெள்ளிக்கிழமை நடந்த கழகக் கூட்டத்தில், இசக்கிராஜா மீதான புகாருக்கு ஆதாரம் இல்லை என்ற விசாரணை அறிக்கை ஏற்கப்பட்டது. அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. நடுவர் விசில் ஊதும்முன் எந்த ஆட்டக்காரரும் தாமாகக் கையை உயர்த்தக் கூடாது. முன்மொழிந்தவர் ஞானதுரை.