ஆடுகளை விரட்டிய பட்டாம்பூச்சி

கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரம்கூட இல்லாத வறண்ட புல்வெளி ஒன்றில், குழந்தைகளே, ஒரு நீலப் பட்டாம்பூச்சி இருந்தது. இறக்கை கட்டைவிரல் நகத்தளவு. வாயோ அந்த வெளி முழுவதற்கும் போதும்.

அதன் புழுக்கள் தின்பது ஒரே ஒரு செடியைத்தான். தரையோடு படரும் ஒரு கசப்புப் பூண்டு அது. வேறு எதைக் கொடுத்தாலும் தின்னாமல் செத்துப்போகும். முட்டையிடும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அங்கே மேய்ந்த காட்டாடுகளைக் கண்டாலே பட்டாம்பூச்சிக்கு ஆகாது.

"சீ, என்ன நாற்றம்! என் வெளியை இப்படி மொட்டையடித்து வைத்திருக்கிறீர்களே, கூச்சமாக இல்லையா?"

"உயரப் புல்லைத்தான் தின்கிறோம், அம்மா. உன் பூண்டு கசக்கும், தொடுவதேயில்லை" என்றது ஒரு பெண்ணாடு.

"அம்மாவா? மகாராணி என்று சொல்."

ஆடுகள் சிரிக்கக்கூட இல்லை. மென்றுகொண்டே நகர்ந்தன. அதைத்தான் பட்டாம்பூச்சியால் பொறுக்க முடியவில்லை.

நேராக வெளியோரம் திரிந்த ஓநாயிடம் பறந்தது. "ஆடுகள் காலையில் பள்ளத்துக்குத் தண்ணீர் குடிக்க வரும். நீங்கள் அங்கே பதுங்கியிருந்தால் போதும்."

ஓநாய்க்குக் கசக்குமா? மறுநாள் இரண்டு ஆடுகள் அதற்கு இரையாயின. மற்றவை வெளியின் எல்லையில் ஓடிய ஆற்றைக் கடந்து ஓடிவிட்டன.

மழை பெய்தது. மேய ஆளில்லாத புல் கிடுகிடுவென வளர்ந்தது. "இப்போதுதான் இது ராஜ்யம்" என்று பட்டாம்பூச்சி வெட்டுக்கிளிகளிடம் பீற்றிக்கொண்டது. அடியில் வெயில் படாமல் பூண்டு வெளுத்து அழுகியதைக் குனிந்து பார்க்க மகாராணிக்கு நேரம் ஏது?

முட்டையிடும் நாளில் தேடினால் ஒரு பூண்டுகூட இல்லை. புல்லை மேய்ந்து பூண்டுக்கு வெயில் விட்டவை ஆடுகள்தான் என்று அப்போதுதான் அதற்கு உறைத்தது.

"ஐயா, ஆடுகளைத் திரும்பக் கூட்டி வாருங்கள்" என்று ஓநாயிடம் கெஞ்சியது.

"கூட்டி வருகிறேனே. வயிற்றுக்குள் வைத்துத்தான் கூட்டி வருவேன். பரவாயில்லையா?" என்றது ஓநாய்.

தானே ஆடுகளை அழைக்கலாம் என்று பட்டாம்பூச்சி ஆற்றங்கரைவரை பறந்து பார்த்தது. எதிர்க்காற்றில் அக்கரைக்குப் போக அந்த இறக்கைக்குத் தெம்பில்லை. வேறு வழியின்றி உயரப் புல்லிலேயே முட்டையிட்டது.

புழுக்கள் பொரிந்தன. புல்லை ஒரு கடி கடித்துத் துப்பின. பசியில் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. அந்தப் பிஞ்சுகளை நினைத்தால் எனக்கு மனம் வலிக்கிறது. அவற்றின் தாயை நினைத்தால் வலிக்கவில்லை.

நீதி: பிடிக்காதவரை விரட்டும் முன், அவர் உழைப்பில்தான் நம் பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.