தெய்வநாயகம் சோகேஸ் அடுக்கின கதை

மடத்தனத்துக்கென்று ஒரு தலைநகர் வைக்க வேண்டி வந்தால் ஊர் ஊராகத் தேடி அலைய வேண்டாம். நேரே மந்தைக்குளம் ஹவுசிங் போர்டு காலனிக்கு வந்து, தண்ணித்தொட்டியை ஒட்டிய பிளாக்கில் மாடியேறினால் போதும். அங்கேதான் தெய்வநாயகம் குடியிருக்கிறார். வயசு நாற்பதை நெருங்குகிறது. நல்ல வேலை, நல்ல வீடு, நல்ல பெண்டாட்டி. மூளை ஒன்றுதான் இன்னும் வந்து சேரவில்லை. அதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தமும் கிடையாது.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு, குட்டிப் பொம்மை சேர்ப்பது. சுண்டுவிரல் உயரத்தில் பிளாஸ்டிக் மனுஷர்கள். தொப்பியைக் கழற்றலாம், தலையைக் கழற்றலாம், இடுப்புக்குக் கீழே காலைக்கூடக் கழற்றலாம். சமையல்காரர், பட்டாளத்துக்காரர், போலீஸ்காரர், கல்யாணப்பெண், டாக்டர், நீச்சல்காரர் என்று வீடு பூராவும் நின்றுகொண்டிருப்பார்கள். டி.வி. மேலே கொஞ்சம் பேர், பிரிட்ஜ் மேலே கொஞ்சம் பேர், பூஜை அலமாரியில் சாமிக்குப் போட்டியாகக் கொஞ்சம் பேர். ஒருநாள் மத்தியானம் நீச்சல்காரர் சாம்பாருக்குள்ளிருந்து கரண்டியில் ஏறி வந்தார். அன்றைக்குத்தான் பெண்டாட்டி செண்பகவல்லி வாயைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கிழமை கோயில் கொடைக்கு எங்க அக்காவும் அத்தானும் வாராங்க. அதுக்குள்ள இந்தக் கூட்டம் பூராவும் சும்மா கெடக்கிற அந்தக் கண்ணாடி சோகேசுக்குள்ள போயிருக்கணும். ஒரு பய வெளிய நின்னாலும் சரி, அத்தனையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவேன்."

அத்தோடு விட்டிருக்கலாம். பாவம், நல்ல மனசு. யோசனையும் சொன்னாள்.

"சும்மா குமிச்சு வைக்காதீங்க. தட்டுக்கு ஒரு காட்சியா, சின்னதா, லட்சணமா வைங்க. ஒண்ணுல பஸ் ஸ்டாண்டு, ஒண்ணுல கல்யாண வீடு, அந்த மாதிரி. பாத்தா நிஜமா இருக்கணும்."

 ஒவ்வொரு பொம்மைக்கும் பேர் வைத்து வளர்த்தவர் தெய்வநாயகம். அதுகளைத் தராசில் போட்டு, பதிலுக்கு ஒரு பொட்டலம் பழத்தைக் கையில் வாங்குவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. உடனே போன் போட்டு எபனேசரையும் மாசானத்தையும் வரச் சொன்னார். மூணு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அந்தப் பெஞ்சில் யாருமே பாடம் கேட்டதில்லை.

முதலில் பஸ் ஸ்டாண்டு. கீழ்த்தட்டில் ஒரு பொம்மை பஸ்ஸை நிறுத்தி, சுற்றிலும் பயணிகளை நெருக்கமாக நிற்க வைத்தார்கள். பார்க்க நன்றாகவே இருந்தது. அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் கதையே இல்லை. எபனேசர் தாடையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நிஜமா இருக்கணும்னுதானே வே தங்கச்சி சொல்லிச்சு? நாம காத்துக்கிட்டு நிக்கையில என்னைக்கு வே பஸ் வந்து நின்னிருக்கு?"

நியாயம்தான் என்று பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். பயணிகள் காத்துக்கொண்டு நின்றார்கள். இப்போது மாசானத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"பஸ் வராதுன்னு நமக்கே தெரிஞ்சு போச்சு. அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? எவ்வளவு நேரம் நிப்பாங்க? வீட்டுக்குப் போயிருவாங்கல்லா?"

அதுவும் நியாயம்தான். பயணிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் வீடு எது? பிரிட்ஜ் மேலேதான். எல்லாரும் பழையபடி அங்கே போய் நின்றார்கள். தட்டு துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. மூணு பேரும் தள்ளி நின்று பார்த்துவிட்டு, மந்தைக்குளம் பஸ் ஸ்டாண்டை உரித்து வைத்தாற்போல் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

அடுத்தது கல்யாண வீடு. பந்தி நடக்கிற காட்சி. எல்லாரையும் உட்கார வைத்துப் பார்த்தார்கள், கால் நீட்டிக்கொண்டு இடத்தை அடைத்தது.

"சாப்பிட உக்காந்தவனுக்குக் கால் எதுக்கு?" என்றார் மாசானம்.

கால்களைக் கழற்றி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார்கள். நெருக்கி உட்கார வைத்ததில் இப்போது ஒருத்தர் தலை இன்னொருத்தர் தலையில் இடித்தது. அதனால் தலைகளையும் கழற்றி ஊறுகாய் ஜாடியில் போட்டார்கள். அப்புறம் பார்த்தால் பந்தியில் வெறும் உடம்புகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தலையில்லாமல் எப்படிச் சாப்பிடுவான் என்று கேட்கிற அளவுக்கு ஒருத்தருக்கு எப்படியோ புத்தி வந்தது. யார் என்று சொன்னால் மற்ற ரெண்டு பேருக்கும் கோபம் வரும். மறுபடி தலைகளை மாட்டினார்கள். மாட்டுகிற அவசரத்தில் கல்யாணப்பெண்ணின் தலை சமையல்காரர் உடம்பிலும், சமையல்காரரின் மீசைத் தலை பட்டுச்சேலை மேலும் ஏறிக்கொண்டது.

கழற்றி மாற்றினால் தீர்ந்தது. ஆனால் எபனேசர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

"பொறும் வே. இதுல பொண்ணு எது?"

"தலை எங்க இருக்கோ அதான் பொண்ணு" என்றார் மாசானம்.

"அப்ப பட்டுச்சேலை கட்டிக்கிட்டு நிக்கது யாரு? சேலை எடுத்தது பொண்ணுக்கா, மீசைக்கா?"

"தாலி கழுத்துலதானே வே ஏறும்? கழுத்து யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டார் தெய்வநாயகம்.

அங்கேதான் சிக்கிக்கொண்டார்கள். கழுத்து தலையோடு சேர்ந்ததா, உடம்போடு சேர்ந்ததா? தலையோடு என்றார் மாசானம், தலை வலித்தால் கழுத்தும் வலிக்கிறதே என்று காரணமும் சொன்னார். சட்டைக் காலர் கழுத்தில்தான் இருக்கிறது, ஆகையால் உடம்போடு என்றார் எபனேசர். காபி வந்தது, ஆறிப்போனது, ஆடை கட்டியது. கடைசியில் முகூர்த்தத்தைத் தள்ளிப்போடுவது என்று முடிவானது. மாப்பிள்ளையையும் விருந்தாளிகளையும் டி.வி. மேலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செண்பகவல்லி வந்து பார்த்தாள். சோகேஸ் காலி. வீடு பழையபடி ஜேஜே என்று இருந்தது. நேரே உள்ளே போய், அரிசி வந்த சாக்கு ஒன்றை எடுத்து உதறி, வாசல் கம்பியில் காயப் போட்டாள். அதைப் பார்த்ததும் தெய்வநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில் மூணு பேரும் பஜாருக்கு ஓடினார்கள். அங்கே பீர் முகமது கண்ணாடிக்கடை வைத்திருந்தார். படத்துக்குச் சட்டம் போடுவது, அலமாரிக்குக் கண்ணாடி வெட்டுவது அவர் தொழில். இந்த மூணு பேரையும் அவருக்கு ரொம்ப நாளாகத் தெரியும். தெரிந்தும், சின்னத் தட்டில் இத்தனை பேரை எப்படி அடைப்பது என்று இவர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னாரே, அது அவர் குணம்.

"தட்டுக்குப் பின்னால முகம் பாக்கிற கண்ணாடி ஒண்ணு வைங்க அண்ணாச்சி. சின்ன இடந்தான், ஆனா ரெண்டு மடங்காத் தெரியும்."

கண்ணாடியை வாங்கி வந்து நிறுத்தினார்கள். அடடா, தட்டு ஆழமாக உள்ளே போனது. மாசானம் உள்ளே எட்டிப் பார்த்து, அந்தப் பக்கம் பூராவும் காலியாகக் கிடக்கிறது, பாதிப் பேரை அங்கே குடி வைத்துவிடலாம் என்றார். தெய்வநாயகம் பட்டாளத்துக்காரரைக் கொண்டுபோய்க் கண்ணாடி ஓரமாக நிறுத்தினார். நிறுத்தின அதே நேரத்தில் அந்தப் பக்கத்தில் இன்னொருத்தன் வந்து நின்றான்.

"யாரு வே அது?"

"நம்ம ஆளு போறதுக்கு முந்தி எடத்தைப் பிடிச்சுட்டானே."

"ஆக்கிரமிப்பு வே. பொறம்போக்குல குடிசை போடுத மாதிரி."

வேகமாக வைத்துப் பார்த்தார்கள். அவனும் வேகமாக வந்தான். மெதுவாக வைத்துப் பார்த்தார்கள். அவனும் பதுங்கிப் பதுங்கி வந்தான். எபனேசர் அவன் பார்க்காத நேரத்தில் டாக்டரை உள்ளே தள்ளிவிடுவது என்று முடிவு செய்து, முதுகுக்குப் பின்னால் ஒளித்துக் கொண்டுவந்து சடாரென்று வைத்தார். அந்தப் பக்கமும் ஒரு டாக்டர் தயாராக நின்றார். கூடவே ஒரு எபனேசரும் நின்றார். எபனேசர் பயந்துபோய் அவருக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

கடைசியில் கண்டுபிடித்தது தெய்வநாயகம்தான். பட்டாளத்துக்காரரின் தொப்பியில் ஒரு கீறல் உண்டு. அந்தப் பக்கத்து ஆள் தொப்பியிலும் அதே கீறல்.

"வே, அவன் வேத்து ஆளு இல்ல. அவனும் நம்ம பட்டாளத்துக்காரன்தான். நம்மகிட்ட ஒருத்தன் இருந்தான், இப்ப ரெண்டு பேரு இருக்காங்க."

  அப்புறம் எபனேசர் சொன்னார், "அப்படின்னா பாதிப் பேரைக் குடுத்துட்டாலும் உமக்குக் கணக்கு கொறையாதே." மாசானம் அதுக்கும் மேலே போனார். எதிரும் புதிருமாக ரெண்டு கண்ணாடி வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். சலூனில் முடி வெட்டிக்கொள்ளும்போது முன்னாலும் பின்னாலும் கண்ணாடிக்குள் ஒரு ஊரே உட்கார்ந்து முடி வெட்டிக்கொள்வதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். அத்தனை பேரில் தன்னை அடையாளம் கண்டுபிடிப்பதே அவருக்குப் பெரும்பாடாம்.

இன்னொரு கண்ணாடிக்கு ஓடினார்கள். பீர் முகமது கண்ணாடியை வெட்டிக்கொண்டே, பதிலுக்கு என்ன தருவீர்கள் என்று வேடிக்கைக்குக் கேட்டார். தெய்வநாயகம் வேடிக்கை புரிகிற ஆள் இல்லை. வீட்டுக்குப் போய், ஒரே ஒரு போலீஸ்காரரை மட்டும் நிறுத்திக்கொண்டு, மிச்சம் மீதியில்லாமல் எல்லாரையும், பஸ்ஸையும், பாட்டிலில் கிடந்த கால்களையும் ஒரு அட்டைப்பெட்டியில் அள்ளிக் கொண்டுவந்து நீட்டினார். போலீஸ்காரரை நிறுத்திக்கொண்டதற்கும் காரணம் இருந்தது. அவ்வளவு கூட்டம் வரப்போகிறது, அடக்குவதற்கு ஆள் வேண்டாமா?

"அண்ணாச்சி, நெசமாத்தான் சொல்லுதீங்களா?"

"எடுத்துக்கிடும் பாய். வீட்டுல ஒரே ஒரு போலீஸ்காரனை நிறுத்திக்கிட்டேன். எனக்கு இனிமே இது பத்தாது."

பீர் முகமது மறுபடி ஒருதரம் கேட்டார். நல்ல மனுஷர். அதுக்கும் அதே பதில்தான் வந்தது.  பெட்டியைக் கொடுக்கிற நேரத்தில் தெய்வநாயகம் கல்யாணப்பெண் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டார். சமையல்காரர் உடம்பில் இருந்தாலும் சிரித்த முகம்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வந்தார்கள். டி.வி. மேலே ஒன்றுமில்லை. பிரிட்ஜ் மேலே ஒன்றுமில்லை. பூஜை அலமாரியில் சாமி மட்டும் நிம்மதியாக இருந்தது. செண்பகவல்லி நம்பமாட்டாமல் வீடு பூராவும் ஒரு சுற்று வந்தாள். தெய்வநாயகம் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு அவளைச் சோகேஸ் பக்கம் கூட்டிப்போனார்.

"பாரு."

ரெண்டு கண்ணாடிக்கும் நடுவில் போலீஸ்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர், அவருக்குப் பின்னால் இன்னொருத்தர், கண்ணுக்கு எட்டின மட்டும் போலீஸ்.

"மத்ததெல்லாம் எங்கே?"

"கண்ணாடிக்கடைப் பாய்கிட்ட குடுத்துட்டேன். இதுக்கு மேல என்னத்துக்கு?"

செண்பகவல்லி கண்ணாடியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். கேட்க வேண்டிய கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டு, நேரே சமையல்கட்டுக்குள் போய், முந்திரிப்பருப்பை அள்ளிப் போட்டு கேசரி கிண்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நெய் ஊற்றி அவள் கிண்டினதில்லை. காயப் போட்ட சாக்கும் மடித்து உள்ளே போய்விட்டது. பொம்மைகள் தப்பித்தன என்று தெய்வநாயகத்துக்கு மனசு குளிர்ந்துபோனது. எபனேசரும் மாசானமும் ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் தெய்வநாயகம் பஜார் வழியாக வந்தார். பீர் முகமது கடை முகப்பில் ஒரு கண்ணாடிப்பெட்டி. உள்ளே குட்டிக் குட்டித் தட்டுகளாக அடுக்கியிருந்தார். ஒன்றில் பஸ்ஸும் பயணிகளும், ஒன்றில் பந்தி, ஒன்றில் ஆஸ்பத்திரி, ஒன்றில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு நீச்சல்குளம். பெண் தலை பெண் உடம்பில் இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று நின்று பார்த்தார்கள். தெய்வநாயகமும் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குப் பீர் முகமது மேல் இரக்கம் பொங்கியது. பாவம் இந்த மனுஷன், ஒரே பார்வையில் எண்ணி முடித்துவிடலாம் போலிருக்கிறதே, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

மனசு கேட்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார், சோகேஸைத் திறந்து, கைக்கு முதலில் எட்டின போலீஸ்காரரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கடைக்கு வந்து அவரைப் பீர் முகமது உள்ளங்கையில் வைத்து, விரலை மடக்கிவிட்டார்.

"வச்சுக்கிடும் பாய்."

பீர் முகமது கையை விரித்துப் பார்த்தார். "இது ஒண்ணுதானே அண்ணாச்சி உங்ககிட்ட இருந்துது? அப்ப உங்களுக்கு?"

தெய்வநாயகம் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"எனக்கென்ன கொறைச்சல்? வீட்டுல இருக்கிறதை நான் இன்னும் எண்ணியே முடிக்கல."