பன்னிரண்டாம் கம்பு

சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு. குருவுக்கு முப்பத்தொன்று.

சீடர் மாசிலாமணி, வேதாரண்யம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர். குரு ஆயிஷா, வடதுருவப் பனியை ஆராய்பவர். பருவநிலைப் பாடம் நடத்துகிறவர்கள் பனியை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்கட்டும் என்று மாசிலாமணியையும் ஆயிஷாவின் ஆய்வுக் குழுவில் சேர்த்திருந்தார்கள்.

அவர்கள் வந்திருந்த வடதுருவப் பகுதிப் பனியாற்றில் இருபது கம்புகள். ஒவ்வொன்றும் மூன்று மீட்டர். உச்சி வரைக்கும் பனிக்குள் இறக்கியிருந்தார்கள். வெளியே தெரியும் நீளம்தான் உருகிய அளவு.

வாத்தியார் சும்மா இருப்பாரா? வகுப்பில் இருபது பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கம்பைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இன்று போனில் அளவு சொல்வதாக வாக்கு.

ஆயிஷா நோட்டைப் பார்த்தார். "பன்னிரண்டு, நூத்தி நாப்பத்தி நாலு சென்டிமீட்டரா? எப்ப அளந்தீங்க சார்?"

"அளக்கலை மேடம். அந்தக் கம்பைக் காணோம். பதினொண்ணுக்கும் பதிமூணுக்கும் நடுவாப் போட்டேன்."

"ஏன்?"

"அது கயல்விழியோட கம்பு. வகுப்புல வாயே திறக்காத பொண்ணு. அதுக்கு மட்டும் ஒண்ணும் இல்லைன்னு எப்படிச் சொல்றது? கோடிட்ட இடத்தை நிரப்புன்னு இருபத்தாறு வருஷமாச் சொல்றவன் நான்."

ஆயிஷா அந்த எண்ணின் மேல் ஒரு கோடு போட்டார். போனை எடுத்துக்கொண்டு நடந்தார். மாசிலாமணி பின்னாலேயே ஓடினார்.

பன்னிரண்டாம் கம்பு நின்ற இடத்தில் உருகிய நீர் ஓடையாக ஓடியது. கொஞ்சம் தள்ளிக் கம்பு விழுந்து கிடந்தது. அதற்குள் வகுப்பு லைனில் வந்துவிட்டது.

"கயல்விழி, உன் கம்பு விழுந்துடுச்சும்மா. எவ்வளவு உருகிச்சுன்னு... எனக்குத் தெரியலை."

சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை. வாத்தியாருக்கு அவமானமாக இருந்தது.

போனில் கயல்விழியின் சின்னக் குரல்: "சார், நட்ட குழி இருக்குதா?"

"குழியா?"

"எங்க உப்பளத்து வேலிக் கம்பு சாஞ்சா குழி இருக்கும் சார்."

மாசிலாமணி ஆயிஷாவைப் பார்த்தார். அவர் ஓடையைக் கை காட்டினார். வாத்தியார் மண்டியிட்டு, ஓடைக்குள் கையை விட்டு, அந்த இடம் முழுக்கத் தடவினார். வழவழவென்று பனிதான் இருந்தது.

"இல்லைம்மா! குழியே இல்லை!"

"அப்ப முழுக் கம்பு அளவுக்கும் உருகிடுச்சு சார்! மூணு மீட்டர்! அதுக்கு மேலேயும் இருக்கும்!"

வகுப்பு ஓவென்று கத்தியது. வாத்தியாரும் கத்தினார். உருகியது சந்தோஷப்படுகிற விஷயமா என்று அந்த நிமிஷம் யாருக்கும் தோன்றவில்லை.

விறைத்த கையால் நோட்டைப் பிரித்தார். "மேடம், இந்த இடத்துல என்ன எழுதட்டும்?"

"அவ சொன்னதை எழுதுங்க சார். கண்டுபிடிச்சவர்னு பக்கத்துல அவ பேரையும் எழுதுங்க. இனிஷியலோட."