ஐகோர்ட்துரையின் மீசையும் ஆறடி தூரமும்

எந்த ஊரானாலும் நாலு புத்திசாலிகள் இருப்பார்கள். ஏழுவிளைக்கு மட்டும் ஆண்டவன் அந்த நாலு இடத்தையும் காலியாக விட்டு, வேறு நாலு பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தான்.

அவர்களுக்குத் தலைவர் ஐகோர்ட்துரை. தலைவர் ஆவதற்கு அவரிடம் இருந்த ஒரே தகுதி மீசை. இருபத்திரண்டு வருஷம் விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த மீசை அது. இரண்டு பக்கமும் காதைத் தொட்டு விசாரித்துவிட்டுத் திரும்பும். மீசைக்குப் பின்னால் ஒரு முகமும் இருந்தது. அதை அதிகம் பேர் கவனித்ததில்லை.

மற்ற மூவரில் வைகுண்டம் பைப் பொருத்துகிறவர். அவர் பொருத்திய வீடுகளில் தண்ணீர் வரும். எந்த வழியாக வரும் என்பதுதான் தெரியாது. சித்திரைக்கனி கல்யாண வீட்டுச் சமையல்காரர். ஜெபமணிக்குச் சொந்தமாக ஒரு லோடு வேன் இருந்தது. இந்த வேன் மட்டும் இல்லாதிருந்தால் நாலு பேரும் ஊருக்குள்ளேயே அடங்கிக் கிடந்திருப்பார்கள்.

வினை ஒரு கல்யாணப் பந்தியில் ஆரம்பித்தது. ஐகோர்ட்துரையின் மனைவிக்குத் தம்பி ஒருவன், பெயர் தாசன். வாய்க்கொழுப்பு உள்ளவன்.

"அத்தான், தேரிக்காட்டுல சுருட்டை விரியன் கெடக்குன்னு சொல்லுதாவளே. நீங்க பாத்திருக்கியளா?" என்று கேட்டான்.

"பாத்திருக்கியளாவா? என்னைப் பாத்தா அதுக ஒதுங்கிப் போவும்ல!"

"அப்ப, பாத்ததில்ல."

பந்தியில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஐகோர்ட்துரை சாப்பிட்ட கையோடு எழுந்தார். "வார ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள, நானும் சுருட்டை விரியனும் சேந்து இருக்கிற போட்டோவை உன்கிட்ட காட்டுதேன். இல்லன்னா பரமசிவம் சலூன்ல உக்காந்து இந்த மீசையை எடுத்துருதேன்!"

பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவன்கூட நின்றுவிட்டான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது ஐகோர்ட்துரையின் காதிலும் விழுந்தது. கைகழுவும் இடத்தில் மூன்று பேரையும் கூப்பிட்டு, கலங்கிய கண்ணோடு சொன்னார்: "பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரி இருக்குல. மீசை போச்சுன்னா எனக்கு என்னல இருக்கு?"

மூவரும் நன்றாக யோசித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றியது.

பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுக்கும் ஸ்டெல்லா டீச்சரிடம் போனார்கள். நாலு பேரில் மூன்று பேர் அவரிடம் படித்துத் தோற்றவர்கள். நாலாமவரான ஐகோர்ட்துரை அந்த வகுப்பு வரை வரவே இல்லை. போகாதே என்றால் கேட்கிற சாதி இல்லை என்று டீச்சருக்குத் தெரியும். ஒரு தாளில் விதிமுறைகளை வரிசையாக எழுதிக் கொடுத்தார்.

"சுருட்டை விரியன் உடம்பைச் சுருட்டிக்கிட்டு, செதிலோட செதிலை உரசும். எண்ணெயில கடுகு பொரியுற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டா நின்ன இடத்துல நிக்கணும், அடங்குற வரைக்கும் அசையக் கூடாது. மத்தது எல்லாம் தாள்ல இருக்கு. எழுதினதை எழுதினபடி செய்யுங்க. தயவு செஞ்சு சொந்தமா எதையும் யோசிச்சிராதீங்க" என்றார்.

கடைசி வாக்கியம் வீண். அந்தப் பழக்கம் அவர்களுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வாசலில் நின்றது. முதல் விதி: முழங்கால் மறைகிற மாதிரி கனமான பூட்ஸ், எல்லாரும் கட்டாயம் போட்டிருக்க வேண்டும். பூட்ஸ் யாரிடமும் இல்லை. வைகுண்டம் ஆறு அங்குல அகலப் பைப்பை எட்டுத் துண்டாக அறுத்துக் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கு இரண்டு மாட்டிக்கொண்டார்கள். முழங்கால் மறைந்தது. முழங்கால் மடங்கவும் இல்லை. மூன்று பேரை வாழைத்தார் ஏற்றுகிற மாதிரி வேனின் பின்பக்கம் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

ஜெபமணியால் டிரைவர் சீட்டில் உட்கார முடியவில்லை.

"கழத்திருதேன் அண்ணாச்சி."

"கழத்தக் கூடாதுல. எல்லாரும் கட்டாயம்னு போட்டிருக்கு."

"கட்டாயம் போடணும்னுதான இருக்கு. கால்லதான் போடணும்னு எங்க இருக்கு?" என்றார் வைகுண்டம்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இல்லைதான். ஜெபமணி இரண்டு பைப்பையும் கையில் மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். முழங்கை மடங்காத கையால் வேனை நேராக ஓட்டலாம். சாலை நேராக இருந்தவரை பிரமாதமாக ஓட்டினார். தேரிக்காட்டு ஓரத்தில் சாலை இடது பக்கம் திரும்பியது, வேன் திரும்பவில்லை. நேராகச் சிவப்பு மணலுக்குள் போய், முந்திரி காய்த்து நின்ற ஒரு கொல்லாமரத்துக்கு முன்னால் மூக்கைப் புதைத்து நின்றது.

"வந்துட்டோம்" என்றார் ஜெபமணி.

தேரி என்பது பார்த்த இடமெல்லாம் செம்மணல். நேற்று இருந்த மேடு இன்று இருக்காது; காற்று தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைத்துவிடும். அங்கங்கே பனையும் உடைமரமும் நிற்கும். உடும்பு, மண்ணுளிப் பாம்பு, தொண்டையில் நீல விசிறி விரிக்கிற ஓணான், எல்லாம் உண்டு. நம்மவர்கள் போகிற வரைக்கும் உண்டு.

இரண்டாவது விதி: காலை ஓங்கித் தட்டித் தட்டி நடக்க வேண்டும், அதிர்வு தெரிந்தால் பாம்பு விலகிப் போய்விடும். மூன்று பேர் பைப்புக் காலோடு தொம் தொம்மென்று மிதித்துக்கொண்டு போனார்கள். ஜெபமணி கைப் பைப்புகளை ஒன்றோடொன்று மோதிக்கொண்டு பின்னால் போனார். ஒரு மைல் சுற்றளவில் காது இருந்ததும் இல்லாததுமான சகல ஜீவன்களும் குடிபெயர்ந்தன. எதிரில் வந்த ஒரு உடும்பு இவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்த வழியே ஓடிப்போனது. அதற்கு இருந்த விவரம் இவர்களுக்கு இல்லை.

இரண்டு மணி நேரம் மிதித்தும் ஒரு வாலைக்கூடக் காணவில்லை.

"பாம்பு எல்லாம் எங்கல போச்சு?"

"ஞாயித்துக்கிழமைல்லா அண்ணாச்சி" என்றார் ஜெபமணி.

வழியில் ஒரு பனங்கட்டை கிடந்தது. அடியில் இருக்கலாம் என்று சித்திரைக்கனி தூக்கப் போனார். ஐகோர்ட்துரை பாய்ந்து தடுத்தார். மூன்றாவது விதி: எந்தக் கட்டையையும் தூக்குவதற்கு முன்னால் அடியில் பாம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

"தூக்காம அடியில எப்படி அண்ணாச்சி பாக்க?"

"அடியில போய்ப் பாக்கணும்."

பத்தடி தள்ளிக் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். அங்கிருந்து கட்டைக்குக் கீழே சுரங்கம் போடுவது திட்டம். தேரி மணல், வெட்ட வெட்டச் சரிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் குழி பெரிதாகி, கடைசியில் பனங்கட்டையே உருண்டு குழிக்குள் விழுந்தது. வைகுண்டத்தின் இடது பைப்பின் மேல்தான் விழுந்தது. பைப் போட்டிருந்ததால் கால் தப்பியது. "டீச்சர் சும்மா எழுதல பாத்தியளா" என்று எல்லாரும் வியந்தார்கள்.

மத்தியானம் ஆகிவிட்டது. ஐகோர்ட்துரை மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இன்னும் நாலைந்து மணி நேரம்தான் அது அங்கே இருக்கும் என்று நினைத்ததும் துண்டால் கண்ணைத் துடைத்தார். "சாப்பிட்டுட்டுத் தேடுவோம்ல" என்றார். துக்கத்திலும் அவருக்குப் பசி தவறாது.

வேன் பக்கத்தில் சித்திரைக்கனி மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்தார். சட்டியில் எண்ணெய் காய்ந்தது. ஜெபமணி சாப்பிடுவதற்காகக் கைப் பைப்புகளைக் கழற்றி மர நிழலில் வைத்தார். சித்திரைக்கனி ஒரு கை கடுகை அள்ளி எண்ணெயில் போட்டார்.

கடுகு பொரிந்தது.

நாலு பேரும் நின்ற இடத்தில் அப்படியே நின்றார்கள். ஜெபமணி குனிந்தபடி, வைகுண்டம் கொட்டாவி விட்டபடி, சித்திரைக்கனி கடுகுப் பொட்டலத்தை நீட்டியபடி.

"சத்தம் கேக்குதா?" என்றார் ஐகோர்ட்துரை, உதடு அசையாமல்.

"கேக்கு அண்ணாச்சி. ரொம்பப் பக்கத்துல" என்றார் சித்திரைக்கனி, சட்டியிலிருந்து ஒரு முழ தூரத்தில். "ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கூட்டமே கெடக்கு போல."

கடுகு கருகியது, எண்ணெய் புகைந்தது. சட்டி சடசடத்தது, அதுவும் பாம்புதான் என்று நின்றார்கள். ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்து அணைகிற வரை முக்கால் மணி நேரம் சிலையாக நின்றார்கள். அவர்கள் வாழ்நாளில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கழிந்த நேரம் அது ஒன்றுதான்.

மிதிப்பது நின்றதும் காட்டில் அமைதி திரும்பியது. ஓடிப்போனவை ஒவ்வொன்றாக வீடு வந்தன. அப்படி வந்த ஒரு சுருட்டை விரியன், ஒரு முழ நீளம்தான் இருக்கும், பைப்புகளுக்குப் பக்கத்தில் நிழல் பார்த்துச் சுருண்டு படுத்தது.

"அண்ணாச்சி! பாம்பு!" என்றார் ஜெபமணி.

ஐகோர்ட்துரைக்கு அழுகையே வந்துவிட்டது. "என் மீசையைக் காப்பாத்த வந்த சாமில அது" என்று கும்பிட்டார். உடனே தாளைப் பிரித்தார்கள். நாலாவது விதி: பாம்புக்கும் உங்களுக்கும் ஆறடி தூரம் இருக்க வேண்டும், குறையவே கூடாது.

வைகுண்டம் அளக்கும் டேப்பை எடுத்தார். "டேப்போட நுனியைப் பாம்புகிட்ட வச்சுப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

"பிடிக்கிற ஆளும் ஆறடி தள்ளித்தான நிக்கணும்?" என்றார் ஜெபமணி.

"ஆமா."

"அந்த ஆறடியை யாரு அளக்க?"

"இன்னொரு ஆளு."

"அவன் எங்க நிக்க?"

விரலை மடக்கி எண்ணிப் பார்த்ததில், ஊரையே கூட்டிவந்தாலும் ஆள் போதாது என்று தெரிந்தது. ஐகோர்ட்துரைதான் வழி கண்டுபிடித்தார். தலைவர் என்றால் சும்மாவா!

"நான் ஆறடில்லா இருக்கேன். நான் படுக்கேன். என் தலை பாம்புகிட்ட இருக்கட்டும். என் கால் எங்க முடியுதோ அங்க எல்லாரும் நிப்போம்."

"அண்ணாச்சி, ஒம்ம தலை ஆறடிக்குள்ள வந்துருமே?"

"கால் ஆறடியிலதானல இருக்கு?"

இதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஐகோர்ட்துரை மணலில் குப்புறப் படுத்தார். மீசை நுனிக்கும் பாம்பின் மூக்குக்கும் இடையில் ஒரு சாண். இப்படி ஒன்றைப் பாம்பும் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. உடம்பைச் சுருட்டி, செதிலை உரசிச் சத்தம் போட்டது.

சித்திரைக்கனி மூக்கை உறிஞ்சினார். "யாரோ தாளிக்காவ அண்ணாச்சி. கருவேப்பிலை போடல."

கால் இருந்த இடத்தில் வைகுண்டம் கோடு கிழித்தார். தலைவர் பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து சேர்ந்தார். ஏன் கடிக்காமல் விட்டது என்பது பாம்புக்குத்தான் தெரியும். அற்பத்தின் மேல் விஷத்தை வீணாக்குவானேன் என்று நினைத்திருக்கும்.

இனி போட்டோ. நானும் பாம்பும் சேர்ந்து என்பதுதான் பந்தயம். நாலு பேரும் பாம்புக்கு முதுகைக் காட்டிக் கோட்டில் நின்றார்கள். ஜெபமணி கையை நீட்டி செல்போனில் செல்ஃபி எடுத்தார். திரும்பிப் பார்த்தால் பாம்பு இல்லை. "வேலை முடிஞ்சதும் கெளம்பிட்டு. மரியாதையான பாம்பு" என்றார் வைகுண்டம்.

கடைசி விதி: கொண்டுபோன பொருள் எதையும் காட்டில் விட்டுவிட்டு வரக் கூடாது. கருகிய சட்டி முதல் ஜெபமணியின் இரண்டு பைப்புகள் வரை எல்லாவற்றையும் அள்ளி வேனில் போட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளி ரோட்டுக்கு ஏற்றிக் கிளம்பினார்கள்.

ஐந்தரை மணிக்குப் பரமசிவம் சலூன் வாசலில் வேன் நின்றது. தாசன் வருவதற்கு முன்னால் ஒரு தரம் பார்த்துக்கொள்வோம் என்று போட்டோவைத் திறந்தார்கள். நாலு முகமும் பளிச்சென்று இருந்தன. பாம்பைத்தான் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, ஐகோர்ட்துரையின் மீசை இருந்தது.

"பாம்பு இருக்கு அண்ணாச்சி. மீசை மறைக்கி" என்றார் வைகுண்டம்.

"மீசை இல்லன்னா தெரியுமால?"

"தெரியாம? பின்னாலதான கெடக்கு."

கடிகாரம் ஐந்தே முக்கால் காட்டியது. ஐகோர்ட்துரை கால் பைப்புகளைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "பரமசிவம், எடுத்துரும். மீசையைக் காப்பாத்த வேற வழி இல்ல."

பரமசிவம் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார். பிறகு எடுத்தார். இருபத்திரண்டு வருஷம் ஒரு பழைய பேப்பரில் விழுந்தது. மூவரும் தலைகுனிந்து நின்றார்கள், ஜெபமணி விசும்பினார். முதல் தடவையாக ஊர் பார்த்த அந்த முகம், அவ்வளவு காலம் மறைத்து வைத்ததே நல்லது என்று சொல்ல வைத்தது.

அவசரமாகப் போட்டோவைத் திறந்தார்கள். மீசை அப்படியே இருந்தது.

"என்னல இது?"

"இப்பதான எடுத்திருக்கு அண்ணாச்சி. போட்டோவுக்குப் போய்ச் சேரணும்லா" என்றார் ஜெபமணி.

காத்திருந்தார்கள். அதற்குள் தாசன் வந்துவிட்டான். அத்தானின் முகத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நிற்க முடியாமல் வேனில் சாய்ந்தான். வேன் குலுங்கியது. உள்ளே கிடந்த ஜெபமணியின் பைப்பிலிருந்து கடுகு பொரிகிற சத்தம் கேட்டது.

"பக்கத்து வீட்டுல தாளிக்காவ" என்றார் சித்திரைக்கனி.

தாசன் திரும்பிப் பார்த்தான். பைப்பிலிருந்து சுருட்டை விரியன் வெளியே வந்து, வேனிலிருந்து தொப்பென்று மண்ணில் விழுந்தது. ஒரே தாவில் தாசன் சலூன் மேஜைமேல் நின்றான். "பாம்பு! அத்தான், நீங்க ஜெயிச்சுட்டிய! நான் தோத்துட்டேன்! போட்டோவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

பாம்பு யாரையும் சட்டை பண்ணாமல் ரோட்டைக் கடந்து, எதிர்ப்புறத்து உடைமரக் காட்டுக்குள் இறங்கிப் போனது.

ஐகோர்ட்துரை நியாயஸ்தர். மொட்டை மேலுதட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அவசரப்படாத மாப்ள. நாங்க பாத்த பாம்பும் இந்தப் பாம்பும் ஒண்ணுதானான்னு தெரியாம ஜெயிச்சதா நான் ஒத்துக்கிட மாட்டேன். போட்டோவுல உள்ளதோட ஒத்துப் பாக்கணும்."

நாலு தலைகளும் செல்போனுக்கு மேல் கூடின. மீசை இன்னும் மறைத்துக்கொண்டுதான் இருந்தது. வெகுநேரம் ஆலோசித்தார்கள். பிறகு வைகுண்டம் செல்போனைக் கொண்டுபோய் நாற்காலியில் நிமிர்த்தி வைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டைப் போர்த்தினார்.

"இதையும் எடுத்துரும் பரமசிவம்" என்றார் ஐகோர்ட்துரை. "சோப்பு நல்லாப் போடும். போன தடவை எரிஞ்சுது."